மைக்கைக் கண்டால் நடுக்கம்

‘சார், நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்’ என்று யாராவது சொல்லிவிட்டால், அந்த ரெண்டு வார்த்தைக்காக மூன்று ராத்திரி தூக்கத்தைத் தொலைக்கிற ரகம் நான். ஆபீஸ் கான்டீனில் என் வாயை அடைக்க ஆளே கிடையாது. மைக் முன்னால் நிறுத்துங்கள்... நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்!

இந்த வியாதியில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை இருக்கிறார். மகாத்மா காந்தி! லண்டனில் சட்டம் படித்தபோது, சைவ உணவுச் சங்கக் கமிட்டியில் எழுதிக்கொண்டு போனதைக்கூட வாசிக்க முடியாமல், இன்னொருவர் வாசித்தார். 1891-ல் ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு ஹோல்பர்ன் ரெஸ்டாரண்டில் விருந்து வைத்தார். ஒரு ஜோக்கைத் தயார் பண்ணிக்கொண்டு கம்பீரமாக எழுந்தவர், முதல் வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ‘சத்திய சோதனை’யில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவருக்கே அப்படி என்றால், அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் குமாஸ்தா எம்மாத்திரம்!

உடம்புக்குப் புலியும் ஒன்றுதான், மேடையும் ஒன்றுதான். ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கொட்டிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது, வாய் உலர்கிறது. அந்த நேரத்தில் ‘பதறாதே, பதறாதே’ என்று சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் கம்மி. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற அம்மணி 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு பேசினவர்களைவிட, ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்றவர்கள் நன்றாகப் பேசினார்களாம். படபடப்பு போகாது; பெயரை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, மூச்சு. நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் நிதானமாகிறது. பக்கத்து நாற்காலிக்காரர், ‘என்ன சார், ஆஸ்துமாவா?’ என்று கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

இந்தச் சரக்கையெல்லாம் வைத்துக்கொண்டுதான் போன மாதம் எங்கள் சூப்ரின்டென்டென்ட் பிரிவுபசாரத்தில் பேசப் போனேன். சும்மா நழுவிவிடக் கூடிய கூட்டம் இல்லை. எங்கப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று லீவு லெட்டர்கூடக் கேட்காமல், ‘நீ கிளம்புப்பா, இங்கே நான் பாத்துக்கறேன்’ என்று அனுப்பிவைத்த மனுஷர். பதினோரு நாள் என் சீட் வேலையையும் அவரே பார்த்தார். அதை நாலு பேர் முன்னால் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது சொல்வது?

முதல் வரியை மட்டும் நெட்டுரு போட்டேன். மிச்சத்தை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். சாதாரணக் காகிதம் என்றால் கை நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் கடைசி பெஞ்சுவரை காட்டிக்கொடுத்துவிடும். அட்டை ஆடாது!

மொத்தம் ஒன்றரை நிமிஷம். முழங்கால் ஆடியது மேஜைக்குக் கீழே, யாருக்கும் தெரியவில்லை. ‘பதினோரு நாள்’ என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் எனக்குக் குரல் தன்னால் வந்தது.

இறங்கி வரும்போது, அடுத்துப் பேச வேண்டிய டெஸ்பாட்ச் நண்பர் என் சட்டையை இழுத்தார்.

“சார், அந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கொஞ்சம் கொடுங்க. என் பேப்பரை அது மேல வெச்சுப் பிடிச்சுக்கறேன்!”