புல் நிற்கும் சரிவு வீண் நிலமா?

கொல்லிமலையில் பல இடங்களில் மேலே சோலை, கீழே காபி, மிளகுத் தோட்டம், நடுவே புல் என்று சரிவுகள் கிடக்கும். மாட்டை விற்றுவிட்ட குடும்பத்துக்கு அந்தப் புல் வீண் நிலமாகத்தான் தெரியும். ‘சில்வர் ஓக் நட்டால் மிளகையும் ஏற்றலாம், மரத்தையும் விற்கலாம்’ என்று யோசனை வரும். கணக்கு சரிதான். ஆனால், அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள ஊற்றுதான் ஊருக்குக் குடிநீர் என்றால், குழி தோண்டும் முன் நிதானிக்க வேண்டும்.

காடும் புல்லும் வரப்பு போட்டுப் பிரித்த வயல்கள் அல்ல. நல்ல மழைக்காலம் நீடித்தால் காடு முன்னே வரும். வறட்சியும் தீயும் மேய்ச்சலும் கூடினால் புல் முன்னே வரும். தீயில் மரக்கன்று கருகிவிடும். புல்லோ அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். நீலகிரி உச்சியில் உறைபனியும் இதே வேலையைச் செய்கிறது.

இந்த இழுபறி எவ்வளவு பழையது என்பதற்கு நீலகிரியின் சதுப்பு மண்ணே சாட்சி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் குழுவினரும் அதில் மக்கிக் கிடந்த தாவரங்களின் கார்பனைச் சோதித்து, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். சாமை, தினை, மக்காச்சோளம், வெப்பநிலப் புற்கள் ஆகியவை காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. மரங்கள் எடுக்கும் விதம் வேறு. அந்த அடையாளம் மண்ணில் தங்கிவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வறண்ட காலத்தில், அங்கே புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்ததும் மரங்கள் பெருகின. ஆக, மலைப்புல்வெளி எல்லாமே மனிதர் காட்டை வெட்டியதால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

இப்போது மாற்றம் வேகமாக நடக்கிறது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே சுமார் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் சோலை மரங்கள் அல்ல. சீகை, தைலம், பைன் தோப்புகளும் விவசாய நிலங்களும்தான்.

தண்ணீர் என்ன ஆகும்? நீலகிரியின் கிளன்மார்கனில், புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றின் பெரும்பகுதியில் தைலமரம் நட்டு, புல்லாகவே விட்ட பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டார்கள். முதல் 10 ஆண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவிகிதம் குறைந்தது. சில்வர் ஓக் தைலமரம் அல்ல, கொல்லிமலையும் நீலகிரி அல்ல. ஆனாலும், எந்த மரமும் தண்ணீர் குடித்துத்தான் வளரும்.

சாமை போய் மரவள்ளி வந்ததைப் பார்த்த மலை இது. பயிர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். பழைய புல்வெளி வேரோடு போனால் லேசில் திரும்பாது, உண்ணிச்செடி முந்திக்கொள்ளும்.

அதனால் முதலில் சரிவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய மரக்கட்டைகளும், சோலை ஓரத்தில் தானாக முளைத்த கன்றுகளும் தெரிந்தால் அது காடாக இருந்த இடம். தீயையும் ஆட்டையும் சில ஆண்டுகள் தடுத்தாலே காடு திரும்பத் தொடங்கும். தாத்தா காலத்திலிருந்தே புல்தான் என்று பெரியவர்கள் சொன்னால், அதை ஊற்றுக்கும் மாட்டுக்கும் விட்டுவிட்டு, மரத்தைத் தோட்டத்து வேலியோரத்தில் நடுவதே நல்லது.