சாலையில் ஒரு பந்தயம்



சாலை யாருக்குச் சொந்தம்? 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களிலும் நம் சென்னை மாநகரின் சாலைகளில், மின்விளக்கொளியில், ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடைபெற்றபோது, ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பள்ளிக்கு வரும் எங்களிடையே எழுந்த கேள்வி இது.

எங்கள் குப்பம் அடையாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது. பந்தயம் நடந்ததோ கூவம் கடலோடு கலக்குமிடத்தின் அருகே. தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணா சாலை வழியாக ஒரு சுற்று 3.5 கிலோமீட்டர். 2023 டிசம்பரிலேயே நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் தள்ளி வைத்துவிட்டது.

கார்ப் பந்தயம் நம் ஊருக்குப் புதிதன்று. முன்னாளில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனித்தளம் அமைந்தது. ஆனால் மக்கள் நடமாடும் நகரச் சாலையில், அதுவும் இரவில் என்பதே புதுமை. எங்கள் அண்ணன்மார்களுக்கு ஒரே உற்சாகம். ஆயாவோ, "ரோட்ட மூடிட்டா, காசிமேட்டுல மீன் எடுத்துக்கினு வர்ற ஆட்டோ எப்படிம்மா வரும்? ஆஸ்பத்திரிக்குப் போறவங்க என்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குப் பட்டது.

இதே கேள்வி 120 ஆண்டுகளுக்கு முன்பே அயர்லாந்தில் எழுந்திருக்கிறது! கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தில் வென்ற நாடே அடுத்த பந்தயத்தை நடத்த வேண்டும் என்பது விதி. 1902-இல் வென்றவர் இங்கிலாந்தின் எட்ஜ். ஆனால் அந்நாட்டுச் சட்டமோ பொதுச் சாலையில் அத்தகைய வேகத்தை அனுமதிக்கவில்லை. ஆகவே தனிச் சட்டம் இயற்றி, 1903 ஜூலை 2 அன்று அயர்லாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில், அத்தி என்ற ஊரைச் சுற்றி நடத்தினர். இங்கிலாந்தின் நேப்பியர் கார்கள் பச்சை வண்ணம் பூசி வந்தன. (நம் பாலத்தின் நேப்பியர் வேறு, அவர் சென்னை ஆளுநராக இருந்தவர்.) ஏறத்தாழ 527 கிலோமீட்டர் ஓடி வென்றவர், ஜெர்மனியின் மெர்சிடிஸ் காரை ஓட்டிய பெல்ஜியம் நாட்டு ஜெனாட்ஸி.

அப்பந்தயத்தில் எங்களை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் பலர் மாண்டு, பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. எனவே அயர்லாந்தில் ஊர்களுக்குள் பந்தயம் கூடாதென்றனர். ஊரின் எல்லை வந்ததும், காற்றாய்ப் பறந்த கார்கள் வேகம் தணிந்து, முன்னே சென்ற ஒரு மிதிவண்டியின் பின்னால் மெல்ல ஊர்ந்தன. உலகின் அதிவேக கார்களுக்கு வழிகாட்டியது ஒரு மிதிவண்டி! ஆயாவின் கேள்விக்கு அன்றே கிடைத்த விடை அன்றோ இது?

எங்கள் வீட்டு ஆண்களுக்கும் சாலையோடு ஓர் உறவு உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது சாலைகள் ஆறுகளாயின. கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் படகுகளைக் கொண்டு வந்து, தெருத்தெருவாகச் சென்று மக்களை மீட்டனர். அந்த ஓட்டத்திற்குக் கோப்பை இல்லை. பார்வையாளர் மேடையும் இல்லை. ஆயினும் அதுவும் நம் நகரச் சாலைகளில் நடந்த ஓட்டமே.

வேகத்தை நாங்கள் வெறுக்கவில்லை, தோழியரே! நம்மில் ஒருத்தி நாளை பொறியாளராகலாம். பந்தயக் காரையே ஓட்டலாம். அப்போதும் சாலை நமக்கு இரவல்தான் என்பதை மறவாதிருப்போம். மீன்கூடை சுமந்து வரும் தாய்க்கும், மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்கும், புத்தகப் பையோடு நடக்கும் சிறுமிக்கும் வழிவிட்டு ஓடுவதே அழகான ஓட்டம்!