கரையோர வழி

தண்டவாளம் அகற்றப்பட்ட இருப்புப்பாதைகள் பல நாடுகளில் மிதிவண்டிப் பாதைகளாகியுள்ளன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எல்ராய், ஸ்பார்ட்டா ஊர்களை இணைக்கும் பாதை அவ்வாறு 1967இல் திறக்கப்பட்டது.

செய்யூர்க் கடலோரத்திற்கு இருப்புப்பாதை வாய்க்கவில்லை. பக்கிங்காம் கால்வாய் வாய்த்தது. உப்பும் விறகும் சுமந்த படகுகளைத் தொழிலாளர்கள் கரையில் நடந்தவாறே கயிற்றால் இழுத்துச் சென்றனர். தொடர்வண்டியும் சரக்குந்தும் அவ்வணிகத்தைக் கவர்ந்தன. 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன.

விடுமுறை நாளில் உப்பளங்களையும் பனைகளையும் கடந்து அக்கரையில் மிதிவண்டி மிதிக்கும் மாணவன், மண் சரிந்த இடங்களில் இறங்கி நடக்கிறான். கரை உறுதியாக இருந்தால்தான் கால்வாய் வெள்ளத்தைத் தாங்கும். அவன் செல்லும் வழியும் நிலைக்கும். படகிழுத்தோர் கால்பட்டுத் தேய்ந்த அம்மண்ணைக் காப்பது இன்றைய தலைமுறையின் கடன்.