பொதிகையின் மேற்குப் பக்கம்

ஐப்பசி மாதத்தில் திருவனந்தபுரத்துக் காலைகள் தேய்த்துக் கழுவிய வெண்கலம்போல் இருக்கும். மூன்று மணிக்கு மேல் கிழக்கே கருக்கும். விளக்கு வைப்பதற்குள் இடியோடு கொட்டித் தீர்க்கும். இங்கே அதற்குத் துலாவர்ஷம் என்று பெயர். ஊருக்கு வருகிறவர்களைத் தோட்டமும் காடும் பார்க்கக் கூட்டிப்போக இதைவிட நல்ல மாதம் கிடையாது. அம்பாசமுத்திரத்திலிருந்து நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே மனிதரின் தடம் பிடித்து அவர்களைக் கூட்டிப்போனேன்.

முதலில் மியூசியம் தோட்டம். முந்தின நாள் மழையில் மரத்தடியெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. நடுவில் நேப்பியர் மியூசியம். 1880-இல் முடிந்த கட்டடம். சென்னையில் செனட் ஹவுஸ் கட்டிய ராபர்ட் சிஷோமின் கைவண்ணம். செங்கல்லையே கோலம்போல் அடுக்கியிருக்கிறார். கூரையோ கேரளத்து வீடுகளின் கூர்முகப்பு. உள்ளே போனால் சுவர்களில் பட்டை பட்டையாக வண்ணம். வெக்கை மேலே ஏறி வெளியேறிவிடுவதால் மின்விசிறி இல்லாமலே குளுகுளுவென்றிருக்கிறது. நண்பரின் மகள் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

எல்லோரும் இந்தக் கட்டடத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு இதற்கு முந்தைய கதைதான் பெரிது. இங்கே முதலில் இருந்த மியூசியம் 1857-இல் திறக்கப்பட்டது. ரெசிடென்ட் ஜெனரல் கல்லனும், ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் உத்திரம் திருநாள் மகாராஜாவின் ஆதரவோடு தொடங்கியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதனால் 1859-இல் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் சேர்த்தார்கள். நாம் உட்காரும் நிழல் அப்படி வந்தது.

நாங்கள் தடம் பிடித்த மனிதர் இந்தப் பிரௌன்தான். அவருக்குச் சம்பளம் தோட்டத்துக்காக இல்லை. சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய வானாய்வகத்துக்கு 1852-இல் தலைவராக வந்தவர் அவர். ஊரில் மேடான குன்றின்மேல் அந்த நட்சத்திர பங்களா இன்றும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்குப் பக்கத்தில் போகிறது என்பதால், காந்த ஊசியின் அசைவைக் கவனிக்க இது அருமையான இடம். சமவெளியில் பார்ப்பது போதாது, அதே நேரத்தில் மலை உச்சியிலும் ஊசி எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தார் பிரௌன். 1855-இல் அகத்தியர் கூடத்தின் உச்சியில் இன்னொரு ஆய்வகம் அமைத்தார்.

அந்த உச்சியின் உயரம் 1868 மீட்டர். கடைசிப் பாறையில் இன்று ஏறுகிறவர்களே கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். ஆடினாலே கெட்டுப்போகும் கருவிகளை யானைக்காட்டு வழியே அங்கே சுமந்து போயிருக்கிறார்கள். சுமந்தவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லையே என்பது எனக்குத் தீராத குறை. பூமியின் காந்த மாற்றங்கள் ஓர் ஊரோடு நிற்பவை அல்ல, உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடப்பவை என்று பிரௌன் எடுத்துக்காட்டினார். அதற்கு இந்த ஊரின் ஏடுகளும் சாட்சி. 1878-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் மெடல் கொடுத்தது. மறு வருஷம் இறந்துபோனார்.

அந்த உச்சியைப் பார்க்க ஞாயிறு காலை காட்டாக்கடை வழியாக நெய்யாறு அணைக்குப் போனோம். நீர்த்தேக்கத்தைச் சுற்றி நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம்; உச்சி வரைக்கும் அதன் காடுதான். மலையேற ஜனவரி வாக்கில்தான் அனுமதி கொடுப்பார்கள். நாங்கள் கரையிலேயே நின்றோம். மேகம் விலகியதும் நீருக்கு அப்பால் கூம்பாக நீலமாக அகத்தியர் கூடம் தெரிந்தது. நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இது நம்ம பொதிகை தானடே?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பொறந்ததுலேருந்து பாக்கேன். இப்படி ஒரு முகம் இருக்கும்னு தெரியாமப் போச்சே."

கிழக்கே இறங்கும் தண்ணீர் தாமிரபரணி. மேற்கே இறங்குவது எங்கள் காலடியில் தேங்கிக் கிடந்த நெய்யாறு. அவர் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி முகத்தைக் கழுவினார்.

கிளம்புவதற்குள் கருத்துவிட்டது. உச்சி முதலில் மறைந்தது, பிறகு காடு. முதல் தூறல் நீரில் விழுந்தபோது நண்பரின் மனைவி கேட்டார்:

"அண்ணாச்சி, இந்த மழை எங்க பக்கமும் பெய்யும்லா?"