படம் பார்க்கும் பிள்ளை

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் பாதையில், மலைச்சரிவெங்கும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளையாகத் தெரிந்தால் திரிங்காப் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். முட்டைக்கோசுக்கு இங்கே பஞ்சமில்லை. கதைப் புத்தகம் வாங்க நான் ஈப்போவுக்குத்தான் இறங்குவேன்.

போன விடுமுறையில் அங்கே ஒரு தந்தை, மகன் கையிலிருந்த சித்திரக் கதையைப் பிடுங்கி, "பொம்மை பார்க்கவா காசு?" என்று அதட்டிவிட்டு, பயிற்சி நூலைத் திணித்தார். பையன் முகம் வாடிப்போயிற்று.

பெற்றோரே, அவசரப்படாதீர்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறும் பிள்ளைக்குப் படம்தான் ஊன்றுகோல். வாங்குமுன் வசனத்தைக் கையால் மறைத்து, "என்ன நடக்குது, சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கதை சொன்னால் தாராளமாக வாங்கலாம். சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வளர்ந்த பிள்ளைகளுக்கு விருந்து. துப்பாக்கிச் சண்டை உண்டு. முதலில் நீங்கள் புரட்டுங்கள். (பிறகு பிள்ளைக்குக் கிடைப்பது சந்தேகம்தான்!)

என் முதல் தேர்வு, லாட் வரைந்து 1979-இல் வந்த 'கம்போங் பாய்'. தமிழில் இல்லையே என்பீர்கள், படம் பேசுகிறதே! பேராக் கம்பத்துப் பையன் ஒருவன் ஆற்றில் குளிக்கிறான், ஈயம் வாரும் கப்பலைப் பார்க்கிறான், கடைசியில் வீட்டைப் பிரிந்து ஈப்போவுக்குப் படிக்கப் போகிறான்.

அந்த இடத்தில் என் மாணவி ஒருத்தி புத்தகத்தை மூடாமலேயே கேட்டாள்: "அவனுக்கும் அழுகை வருமா சார்?"

அடுத்த ஆண்டு அவளும் விடுதிக்குப் போகிறாள்.