இடது பக்கத்து எலி

சாரல் ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் பாவி என்பது எங்கள் செங்கோட்டைச் சித்தாந்தம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் குளிர்ந்த காற்று வந்து ஜன்னலைத் தட்டும். கூப்பிடு தூரத்தில் குற்றாலத்து அருவி கொட்டும். அப்படிப்பட்ட ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், குடும்பத்தார் எல்லோரும் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் புறப்பட்டுப் போய்விட, நான் மாத்திரம் கம்ப்யூட்டருக்கு எதிரே அமர்ந்து 42 பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் என் வலது மணிக்கட்டு முதன் முதலாக ஒத்துழையாமையை ஆரம்பித்தது.

நான் கணக்கு உபாத்தியாயர். எனக்கென்று ஒரே ஒரு வித்தை உண்டு. கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரே இழுப்பில் வட்டம் போடுவேன். இருபது வருஷ காலமாக என் பெயர் அந்த வட்டத்தின் மேல்தான் நின்று கொண்டிருந்தது. மறுநாள் வகுப்பில் போட்ட வட்டம் கோழிமுட்டையாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன், வாத்துமுட்டை வந்தது. கடைசி பெஞ்சியில் யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாக்பீஸைப் பிடித்த விரல்களில் பலமே இல்லை என்பதுதான் வயிற்றைக் கலக்கியது.

"ஐந்தருவியில் கையை நீட்டிக் கொண்டு அரை மணி நேரம் நில்லுங்கள், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்றாள் என் மனைவி. நின்றேன். அருவிக் கரையில் எண்ணெய் தேய்ப்பவர் என் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சாருக்கு மண்வெட்டி பிடிக்கிற வேலையோ?" என்று அனுதாபத்துடன் விசாரித்தார். நான் பிடிப்பது ஓர் எலி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு டாக்டரிடம் போனேன். கொஞ்ச நாள் அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். "மௌஸைத்தான் பிடித்தாக வேண்டுமென்றால் மற்றக் கையால் பிடியுங்களேன்!" என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

மௌஸைத் தமிழில் 'சுட்டி' என்கிறோம். காரியத்தைச் சொல்லும் நல்ல பெயர்தான். ஆனாலும் வாலும் முதுகுமாய் அது மேஜையில் படுத்திருக்கிற அழகுக்கு 'எலி' என்பதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

என் தங்கை மகன் மத்தளம்பாறையில், 2011-இல் தென்காசிப் பக்கம் வந்த ஸோஹோ கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். அவனை வரவழைத்தேன். வந்தவன் என் கையைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தான்.

"மாமா, மேஜை உயரம்; நாற்காலி தாழ்வு. தோளைத் தூக்கிக் கொண்டே வேலை செய்கிறீர்கள். அதோடு எலி எங்கேயோ தூரத்தில் கிடக்கிறது. முழங்கை விலாவை ஒட்டித் தொங்க வேண்டும். மணிக்கட்டு மேலேயும் மடங்கக் கூடாது, பக்கத்திலேயும் சாயக் கூடாது."

நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டதும் என் கால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. சமையலறையிலிருந்து மணைப்பலகை வந்து காலுக்குக் கீழே அமர்ந்தது. மேஜையின் மேலிருந்த கண்ணாடியில் எலி சரியாக ஓடவில்லை. அதன் அடிவயிற்று வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஆகாதாம். பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டோம். கம்ப்யூட்டரின் அமைப்புகளில் மௌஸ் என்ற பகுதியைத் திறந்து, முதன்மைப் பொத்தானை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினான். அம்புக்குறியின் வேகத்தையும் சற்றுக் கூட்டினான். வேகம் குறைந்திருந்தால் திரையைக் கடக்கக் கை முழங்கையோடு பிரயாணம் செய்ய வேண்டியிருக்கிறது. மிகவும் கூடிவிட்டாலோ குறி தவறாதிருக்க விரல்களை இறுக்கிக் கொள்கிறோம்.

இன்னொரு விஷயம் அன்றைக்குத்தான் எனக்குப் புலப்பட்டது. விசைப்பலகையின் வலப்புறத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு வரிசை இருக்கிறதல்லவா? வலது கைக்காரனின் எலியை அதுதான் ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளி வைக்கிறது. இடப்புறம் அந்தத் தொல்லையே இல்லை. இந்த ஓர் இடத்திலாவது இடது கைக்கு அதிர்ஷ்டம்!

முதல் வாரம் மகா அவஸ்தை. அம்புக்குறி வண்டு மாதிரி சுற்றியது. அந்த அவஸ்தையைப் பார்த்துவிட்டு மருமகன் ஒரு டிராக்பால் கொண்டு வந்து கொடுத்தான். இது ஓடாத எலி. முதுகில் ஒரு பந்து பதிந்திருக்கிறது. கையை அசைக்காமல் விரலால் பந்தை மட்டும் உருட்டினால் போதும். வயதில் எலிக்கு அண்ணன். 1952-இலேயே கனடா தேசத்துக் கடற்படைக்காகச் செய்த ஒரு யந்திரத்தில், அந்த நாட்டார் உருட்டி விளையாடும் பந்து ஒன்றையே வைத்து இதை அமைத்தார்கள். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் ஒரு மரப்பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரம் வைத்து முதல் எலியைச் செய்தது 1964-இல்தான். 1968 டிசம்பர் 9-ஆம் தேதி அதை ஸான்பிரான்ஸிஸ்கோவில் சபையோருக்கு இயக்கிக் காட்டினார் எங்கல்பார்ட்.

டிராக்பால் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டைவிரலால் உருட்டுவது பெரும்பாலும் வலது கைக்கென்றே வார்த்தது. பந்து நடுவில் இருப்பதுதான் இரண்டு கைக்கும் ஆகும். பந்து மூன்று சிறு மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மணிகளில் அழுக்கு சேர்ந்தால் பந்து முரண்டு பிடிக்கும். வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கும் குடும்பங்களில் வாரம் ஒரு முறை! ஒரு பொத்தானை அழுத்திக் கொண்டே பந்தையும் உருட்டி எதையாவது இழுப்பது மட்டும் எனக்கு இன்றுவரை படியவில்லை. ஆகையால் மதிப்பெண்ணுக்கு இடது கை எலி, வாசிப்பதற்கு டிராக்பால் என்று வைத்துக் கொண்டேன்.

சில மாதங்களில் வலது கை தேறியது. வட்டமும் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. ஆனால் என் மனத்தில் வேறொன்று உறுத்தத் தொடங்கியிருந்தது.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு நானும் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பில் இடது கையால் எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எலியை இடப்பக்கம் இழுத்து வைத்துக் கொள்வாள். போன வருஷம் நான் அதை இரண்டு முறை எடுத்து வலப்பக்கம் வைத்தேன். மூன்றாம் முறை அதன் வயரைச் சணல் கயிற்றால் மேஜையின் வலது காலோடு சேர்த்துக் கட்டியும்விட்டேன். 'பீச்சாங்கை' என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்பில் மந்தமாக இருந்தாள். "கம்ப்யூட்டரில் நாட்டம் இல்லை" என்று அவள் தகப்பனாரிடம் சொன்னவனும் நான்தான்.

தீபாவளி விடுமுறை முடிந்த முதல் நாள் அந்த மேஜைக்கு முன் குனிந்தேன். என் முடிச்சு எனக்கே அவிழவில்லை.

"கொடுங்கள் சார்" என்று அவள் கீழே உட்கார்ந்து, இடது கை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். வயரைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்புறமாகச் சுற்றி இடப்பக்கம் கொண்டு வந்தோம். பொத்தானை மாற்றும் இடத்தைக் காட்டினேன்.

"மாற்ற வேண்டாம் சார். எலி இந்தப் பக்கம் இருந்தால் போதும், நடுவிரலால் அழுத்திக் கொள்வேன்" என்றாள்.

அடுத்த வகுப்புப் பையன் அந்த இடத்தில் உட்கார்ந்ததும், "சார், இங்கே எலி இடம் மாறிக் கிடக்கிறது!" என்று கூவினான். வேண்டிய பக்கத்தில் நகர்த்தி வைத்துக் கொள்ளச் சொன்னேன். சணல் கயிறு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.