எந்தத் தோலின் நிறம்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்)

சென்ற ஆண்டு கல்லூரி விழாவன்று, முதலாண்டு மாணவியருக்கு ஒப்பனை செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கிராமிய நடனத்துக்கு எட்டுப் பேர். கடைசியாக வந்து அமர்ந்தவள் என்னைப் போலவே நல்ல கறுப்பு. டப்பாவில் இருந்த ரோஸ் பவுடரையே அவளுக்கும் அப்பினேன். கண்ணாடியைப் பார்த்தவள், "அக்கா, முகம் வேற, கை வேறயா இருக்கே!" என்றாள்.

"மேடை வெளிச்சத்துல கறுப்பாத் தெரிவே. பேசாம இரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அது என் சொல் அன்று. எட்டாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவில், என் முகத்தில் பவுடரை அப்பிக் கடைசி வரிசையில் நிறுத்தியவர்கள் என்னிடம் சொன்ன அதே சொல்! அன்றோடு நான் மேடை ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

இது மனத்தை உறுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் துறைக் கருத்தரங்குக்கு, 'பாலே நடனமும் கறுப்பினப் பெண்களும்' என்னும் தலைப்பு எனக்குக் கிடைத்தது. பாலே என்றால் கால்விரல் நுனியில் நின்று ஆடும் ஐரோப்பிய நடனம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் அறியேன். ஆனால் படிக்கப் படிக்க, என் பவுடர் டப்பாவே கண்முன் வந்து நின்றது.

1930-களில் அமெரிக்காவில் ஜேனட் காலின்ஸ் என்னும் பதின்வயதுப் பெண் புகழ்பெற்ற நடனக் குழு ஒன்றின் தேர்வுக்குச் சென்றாள். ஆட்டம் தேர்வாளரைக் கவர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மேடையில் வெள்ளை பூசிக்கொண்டு ஆட வேண்டும்! அந்தப் பெண் மறுத்தாள். அழுதுகொண்டே வீடு திரும்பினாள். நடனத்தை மட்டும் விடவில்லை. 1951-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபெராவின் முதன்மை நடனக் கலைஞரானார்.

ரேவன் வில்கின்சன் அம்மையாரின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. இரு முறை மறுக்கப்பட்டு, 1955-இல் மூன்றாம் முறையாக பாலே ரூஸ் த மான்டி கார்லோ குழுவில் இடம் பெற்றார். சற்று வெளிர்நிறம் கொண்டவர். வாய் திறவாதிருந்தால் வெள்ளையர் என்றே எண்ணியிருப்பார்கள். தென் மாநிலங்களில் விடுதிக்காரர் ஒருவர் இனத்தைக் கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. அதனால் குழுவோடு தங்கும் உரிமையை இழந்தார். கு கிளக்ஸ் கிளான் என்னும் நிறவெறிக் கூட்டம் அவரைத் தேடி மேடைக்கே வந்ததும் உண்டு. குழுவை விட்டு விலகிய பின் தாய்நாட்டில் எந்தப் பெரிய பாலே குழுவும் ஏற்காததால், 1967-இல் நெதர்லாந்துக்குச் சென்று அங்கே ஆடினார்.

வெறுப்பு மட்டுமா காரணம்? கலையின் பெயராலும் ஒரு வாதம் சொல்லப்பட்டது. அன்னப் பறவைகளாக இருபது முப்பது பேர் வரிசையில் ஆடும்போது எல்லாரும் ஒன்றுபோல் தோன்ற வேண்டுமாம்! அந்த ஒன்றுபோல் என்பது யாரைப்போல்? காலணியைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் காலணியும் காலுறையும் காலின் நிறத்தோடு இழைந்து, காலை நீளமாகக் காட்டுகின்றன. ஆனால் அது வெள்ளைக் காலின் நிறம். கறுத்த காலில் அது கணுக்காலோடு வெட்டியதுபோல் நிற்கும். ஆகவே கறுப்பினப் பெண்கள் ஒவ்வொரு புதுச் சோடிக்கும் தம் நிறத்தில் முகப்பூச்சு வாங்கித் தம் கையாலேயே பூசினார்கள். ஒரு சோடி சில நேரம் ஒரே இரவில் தேய்ந்துவிடும். மறுநாள் மீண்டும் பூச வேண்டும்.

1969-இல் ஆர்தர் மிட்செல் நிறுவிய ஹார்லெம் நடன அரங்கின் பெண்கள், 1970-களில் காலணியையும் காலுறையையும் அவரவர் தோல் நிறத்துக்கே சாயமேற்றி ஆடினர். கடைக்காரர்களுக்கு இது உறைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1929-இல் தொடங்கிய லண்டன் ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018-இல்தான்!

கருத்தரங்கில் ஒரு காட்சியைப் பற்றிப் பேசும்போது என் குரல் தழுதழுத்தது. 2015 ஜூன் 24. மிஸ்டி கோப்லண்ட் நியூயார்க்கில் 'ஸ்வான் லேக்' நாயகியாக ஆடி முடித்தார். மலர்க்கொத்துடன் மேடைக்கு வந்தவர்களுள் ஒருவர் எண்பது வயது ரேவன் வில்கின்சன்! ஆறு நாட்களில் கோப்லண்ட், அமெரிக்கன் பாலே தியேட்டரின் 75 ஆண்டு வரலாற்றில் முதன்மைக் கலைஞரான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி ஆனார்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. 2020-இல் பெர்லின் அரசு பாலே குழுவின் குளோயே லோப்பஸ் கோமஸ், அதே 'ஸ்வான் லேக்' ஆட்டத்துக்கு வெள்ளை பூசச் சொன்னதாகக் குற்றம் சாட்டினார். காலின்ஸ் அழுதுகொண்டு திரும்பி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதே வெள்ளைப் பூச்சு!

கடல் கடந்தவர்களைக் குறை கூறுவது எளிது. டப்பா என் கையிலும் அல்லவா இருந்தது?

கருத்தரங்கு முடிந்ததும் அந்தத் தங்கையைத் தேடிச் சென்றேன். "இந்த வருஷம் நான் ஆடலைக்கா" என்றாள் தலைகுனிந்து. எட்டாம் வகுப்பில் நான் எடுத்த அதே முடிவு! அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வில்கின்சன் கதையைச் சொன்னேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

திங்களன்று ஒத்திகை தொடங்குகிறது. அவள் நிறத்துக்கு ஏற்ற பவுடரைக் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி வாங்கி வைத்திருக்கிறேன். அவள் வராவிட்டாலும் அந்த டப்பா ஒப்பனை அறையில் இருக்கும். நண்பர்களே, உங்களுள் யாருக்கேனும் அது தேவைப்படலாம். எனக்கும்கூட.